அரைப்படி லாரி

ஓசூருக்குக் குடிவந்த முதல் மாதத்திலேயே முனிலட்சுமிக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. காரணம் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வேலை போதவில்லை.

சொந்த ஊரான பேரிகையில் இருந்தவரைக்கும் விடிகாலை தொடங்கினால் கையும் காலும் நிற்காது. களை, மாடு, கேழ்வரகு, தக்காளி, சந்தை. இங்கே கம்பெனிக்குப் பின்புறம் ஒரு காம்பவுண்டில் ஆறு வீடு. வாசலிலேயே குழாய். கேஸ் அடுப்பு. புருஷன் கிருஷ்ணப்பன் கம்பெனி பஸ் டிரைவர், விடியும் முன்னே பாகலூர், பேரிகைப் பக்கம் ஆள் ஏற்றப் போய்விடுவான். பெண்பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போன பிறகு, பத்து மணிக்கெல்லாம் வீடு பெருக்கித் துடைத்து, பாத்திரம் கவிழ்த்து, அவள் சும்மா உட்கார்ந்திருப்பாள். உட்காரவும் முடியாது. எழுந்து கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றி எண்ணெய் போட்டு மறுபடி மாட்டுவாள். இரண்டு முறை ஸ்டவ்வைப் பிரித்துப் போட்டாள். ஒருமுறை கிருஷ்ணப்பனின் அலாரம் கடிகாரத்தைப் பிரித்தாள். அது சேரவில்லை. அன்றைக்குப் பஸ் தாமதமாகி, பேரிகை சனமெல்லாம் அவனைத் திட்டித் தீர்த்தது.

"ஒனக்குக் கை அரிக்குதுன்னா எதுனா பூ கட்டேண்டி. ஊரே கட்டுது" என்றான்.

பூ கட்டினாள். ஒரு வாரம். முழத்துக்கு முழம் அதே முடிச்சு. விட்டுவிட்டாள்.

எண்பத்தெட்டில் அந்தப் பெட்டி வந்தது. கம்பெனியில் பெரிய பிரஸ் மிஷின் பூட்ட வந்த ஜெர்மனிக்காரர் ஒருவருக்குக் கிருஷ்ணப்பன் சில மாதம் கார் ஓட்டினான். அவர் குடும்பத்தோடு ஊர் திரும்பும்போது, தூக்கிப்போக முடியாத சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். இவன் பங்குக்கு வந்தது ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே பிளாஸ்டிக் கட்டைகள். ஒன்றின் குமிழ் இன்னொன்றின் குழியில் போய்ச் சிக்கென்று உட்காரும். ஓட்டை போட்ட நீளக் கட்டைகள், குச்சி குச்சியாய் அச்சுகள், பல்சக்கரங்கள், கறுப்பு ரப்பர் டயர்கள். கூட ஒரு புத்தகம். அதில் எழுத்தே இல்லை. வெறும் படம். முதல் பக்கத்தில் நாலு கட்டை, கடைசிப் பக்கத்தில் ஒரு மண்வாரி எந்திரம்.

பிள்ளைகள் இரண்டு நாள் வீடு கட்டி விளையாடிவிட்டுப் பாண்டி ஆடப் போய்விட்டன. முனிலட்சுமி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆனால் படத்துக்கு என்ன வகுப்பு வேண்டும்? மூன்றே பகலில் மண்வாரி நின்றது. கைப்பிடியைத் திருகினால் வாளி எழும்பியது. அவள் அதை ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பிரித்துவிட்டாள். வாளி எழும்புகிற வேகம் போதவில்லை என்று பல்சக்கரத்தை மாற்றினாள். அதற்கப்புறம் அவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. டிராக்டர் கட்டினாள், கவிழ்த்தாள். புருஷன் ஓட்டுகிற பஸ்ஸைக் கட்டினாள், பிரித்தாள். எந்த வண்டியும் அவள் வீட்டில் இரண்டு நாள் முழுசாக நின்றதில்லை. காம்பவுண்டில் 'கட்டைக்காரி' என்று பேர் வைத்தார்கள். "பெத்து வளர்த்தவ பண்ற காரியமா?" என்று குழாயடியில் பேச்சு. அது காதில் விழாமல் இல்லை. விழுந்தபோதெல்லாம் அவளுக்கு இன்னொரு வண்டி கட்டத்தான் தோன்றியது.

அடுத்த வருஷம் கடைசி வீட்டுக்கு வெள்ளையம்மா வந்தாள். தொழிலாளர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாளையங்கோட்டைப் பக்கம். நாற்பது வயசு இருக்கும். புருஷன் சார்ஜாவில். ஒரே மகன் ஊரில் பாட்டி தாத்தாவிடம் படிக்கிறான். முனிலட்சுமி ஒரு மதியம் கொத்தமல்லி கொடுக்கப் போனவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பீரோ தலையில், ஒரு தூசு இல்லாமல், சிவப்புக் கார் ஒன்று நின்றது. கட்டைக் கார். மேல்மூடி இல்லாத வண்டி. என்ஜின், ஸ்டியரிங், கியர் எல்லாம் வெளியே தெரிந்தது.

"மவனுக்குன்னு அவரு அனுப்புனாரு. அவனுக்குக் கிரிக்கெட்டு மட்டைதான் வேணுமாம்" என்றாள் வெள்ளையம்மா. "நானே பூட்டிட்டேன். ஒரு மாசம் ஆச்சு. டூட்டி முடிஞ்சு வந்து ஒரு பக்கம். ஒருநாளைக்கு ஒரே பக்கம்தான்."

"எங்கிட்டயும் இருக்குது சிஸ்டரக்கா."

வெள்ளையம்மா தலையிலிருந்து நர்ஸ் தொப்பியின் கிளிப்பைக் கழற்றியபடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "கொண்டா பாப்போம்" என்றாள்.

அன்றிலிருந்து வெள்ளையம்மாவுக்குப் பகல் ஓய்வு வரும் நாளெல்லாம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். முனிலட்சுமியின் பெட்டியிலிருந்து ஒரே மாதிரி வண்டியை ஆளுக்கொன்று கட்டி, எது நல்லது என்று பார்ப்பது. இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. வெள்ளையம்மா கட்டைகளை நிறம்வாரியாகத் தட்டில் பிரித்து, காய்ச்சல்காரனுக்கு ஊசி போடுகிற பதத்தில் ஒவ்வொன்றாய் அழுத்துவாள். முனிலட்சுமி குவியலில் கைவிட்டு அளாவி, வந்ததை மாட்டி, பிடுங்கி, திரும்ப மாட்டுவாள். அந்தச் சலசல சத்தமே வெள்ளையம்மாவுக்குத் தலைவலி.

"ஏளா, ஒரு எடத்துல நிலையா இரேன். சட்டியில கடுகு மாதிரி."

"நீங்க முடிக்கறதுக்குள்ள நான் மூணு வண்டி கட்டிடுவேன்."

"மூணும் ஓடாது."

ஓடுகிறதா என்று பார்க்க ஒரு பரீட்சை வைத்தார்கள். தரையின் நடுவே ஒரு குடம். வண்டிமேல் அரைப்படி கேழ்வரகு. முன்னால் தையல் நூல் கட்டி, நூல் அறாமல் குடத்தைச் சுற்றி இழுக்க வேண்டும். முனிலட்சுமி ஆறு சக்கர லாரி கட்டினாள். வெள்ளையம்மா தன் காரைப் பிரிக்காமல் அப்படியே வைத்து மேலே ஒரு பலகை மட்டும் பூட்டினாள். முனிலட்சுமியின் லாரி நேராகப் போனவரை ராஜாவாட்டம் போனது. குடத்தருகே வளைந்ததும் முரண்டு பிடித்தது. டயர் தேய்ந்தது, அச்சு முறுகியது, நூல் பட்டென்று அறுந்தது. வெள்ளையம்மாவின் வண்டி தண்ணீரில் இலை போல் சுற்றி வந்தது.

மூன்று முறை பார்த்தார்கள். மூன்று முறையும் அறுந்தது.

முனிலட்சுமி அந்த வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். பின்சக்கரங்களுக்கு நடுவே அச்சு ஒன்றாக இல்லை. இரண்டு துண்டு. நடுவில் ஒரு கூடு, அதற்குள் மூன்று குட்டிப் பல்சக்கரங்கள் முகத்தோடு முகம் வைத்துக் கிடந்தன. அப்படி ஒரு சாமான் அவள் பெட்டியில் கிடையாது.

"இது எதுக்கு?"

"புக்குல போட்டிருக்கு. வச்சேன்" என்றாள் வெள்ளையம்மா.

வீட்டுக்கு வந்து புருஷனைக் கேட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "அது கிரவுனு. எல்லா வண்டிக்கும் உண்டு. அது இல்லாட்டி வண்டி திரும்பாது."

"அதான் ஏன் திரும்பாது?"

"இல்லாட்டித் திரும்பாதுடி. அவ்ளோதான். கொழம்பு ஊத்து."

அந்த 'ஏன்' அவளுக்குள் பல்லில் மாட்டின நார் மாதிரி கிடந்தது. நாக்கு அங்கேயே போகும். எந்த வண்டி கட்டினாலும் வளைவில் வந்து நிற்கும். அவளே கோபத்தில் கட்டையைப் பெட்டிக்குள் வாரிக் கொட்டுவாள். ஒருமுறை டவுனுக்குப் போனவள், நடுரோட்டில் திரும்பிய லாரியின் அடியைக் குனிந்து பார்க்கப்போய், டிரைவரிடம் மூன்று பாஷையில் வசவு வாங்கினாள்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தது. எல்லை அடைத்துக்கொண்டது. பெங்களூர்ப் பக்கமிருந்து மூட்டை முடிச்சும் கைப்பிள்ளையுமாய்ச் சனம் நடந்தே வந்தது. கம்பெனி பஸ்கள் ஷெட்டில் நின்றன. எல்லைச் சாவடியான ஜூஜுவாடியிலிருந்து இந்தப் பக்கமாக லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாய், முடிவே தெரியாமல் நின்றன. அவரவர் பாஷையை வெளியே பேசப் பயந்த நாட்கள் அவை. காம்பவுண்டில் கன்னடம் பேசும் வீடு ஒன்று, தெலுங்கு பேசும் வீடு இரண்டு. எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். வெள்ளையம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரட்டை டூட்டி. நடந்து வெடித்த பாதங்களுக்குக் கட்டுப் போட்டே அவள் விரல்கள் மரத்துப்போயின.

காம்பவுண்டுப் பெண்கள் சேர்ந்து புளிச்சோறு கிளறிப் பொட்டலம் கட்டி, லாரிக்காரர்களுக்கும் வழிநடைச் சனத்துக்கும் கொடுக்கப் போனார்கள். முனிலட்சுமியும் போனாள். பசித்த முகங்களைப் பார்த்து அவளுக்கும் பாவமாக இருந்தது, அதில் பொய்யில்லை. ஆனால் பொட்டலத்தை நீட்டும்போதே அவள் கண் லாரிக்கு அடியில் போனது. வாழ்நாளில் இத்தனை லாரி ஓடாமல் நின்று அவள் பார்த்ததில்லை.

வரிசையின் நடுவே ஒருத்தர் தன் லாரியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சக்கரங்களுக்கு நடுவே இருந்த இரும்பு உருண்டையைத் திறந்து போட்டிருந்தார். சூளகிரிக்காரர், பேர் திம்மராயன். சும்மா கிடக்கிற நேரத்தில் சத்தம் வந்த கிரவுனைப் பார்த்துவிடலாம் என்று இறங்கியவர். உள்ளே எண்ணெயில் முக்கியெடுத்த பெரிய பல்சக்கரமும், அதற்குள் குட்டிகளும். முனிலட்சுமி பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அப்படியே குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள்.

"ஏனம்மா, உங்கூட்ல லாரி இருக்குதா?" என்றார் அவர்.

"இருக்குது. சின்னது."

"எத்தினி டன்னு?"

"அரைப்படி."

அவர் சோற்றுக் கையோடு அவளைப் பார்த்தார். கிண்டல் செய்கிறாளோ என்று பார்த்தார். அவள் முகத்தில் கிண்டல் இல்லை. அவள் விஷயத்தைச் சொன்னாள். கட்டை, குடம், நூல், எல்லாம். திம்மராயன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தூக்கி நின்ற இடது சக்கரத்தைக் கையால் சுற்றினார். வலது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது.

"இப்ப நீயும் நானும் கையக் கோத்துக்கினு ஒரு மரத்தச் சுத்தி ஓடறோம்னு வெச்சுக்கோ. மரத்து ஓரமா இருக்கறவ கொஞ்ச தூரம்தான் ஓடணும். வெளிய இருக்கறவன் அதிகம் ஓடணும். ரெண்டு பேரு காலையும் ஒரே கட்டையில கட்டிப்போட்டா?"

"விழுந்துடுவோம்."

"அதான். இந்தக் குட்டிங்க உள்ள நின்னுக்கினு, நீ கொஞ்சம் மெதுவா வா, நீ கொஞ்சம் வேகமா போன்னு பங்கு போட்டுக் குடுக்குது."

முனிலட்சுமி எழுந்து வலது சக்கரத்தைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். மறுபடி இடதை. மறுபடி வலதை. கூட வந்த பெண்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துப் போய்விட்டார்கள். அவள் தனியாக வீடு திரும்பியபோது கிருஷ்ணப்பன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"ஊரு இருக்கற இருப்புல எங்கடி போன? நான் எங்கன்னு தேடறது?" அவள் புடவை முழுக்கக் கருப்பு எண்ணெய். அவள் உள்ளே போனாள். அவன் பயந்தது அவளுக்குப் புரிந்தது. ஆனால் அப்போது அவள் தலைக்குள் இரண்டு சக்கரமும் எதிரெதிராய்ச் சுற்றிக்கொண்டிருந்தன. வேறு எதற்கும் இடமில்லை.

மறுநாள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

குழாயில் தண்ணீர் வந்தால் பிடித்து வைக்கச் சொல்லி வெள்ளையம்மா சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். முனிலட்சுமி தண்ணீர் பிடித்தாள். அண்டாவை மூடினாள். பீரோ தலையிலிருந்த காரைப் பார்த்தாள். எடுத்துப் பார்க்கத்தான் எடுத்தாள். கவிழ்த்துப் பார்க்கத்தான் கவிழ்த்தாள். அந்தக் கூட்டை எடுக்க ஒரு அச்சை உருவ வேண்டியிருந்தது, அதற்கு ஒரு சட்டத்தை நீக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு மாசத்து வேலை தரையில் சிதறிக் கிடந்தது. தன் பெட்டியை அங்கேயே தூக்கி வந்து லாரியைக் கட்டி, அதில் கூட்டைப் பொருத்தினாள். கேழ்வரகை ஏற்றினாள். குடத்தைச் சுற்றி இழுத்தாள். லாரி வளைந்தது. நூல் அறவில்லை. அவள் தனியாக உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தாள். இன்னொரு சுற்று இழுத்தாள். இன்னொன்று.

நிமிர்ந்தபோது வாசலில் வெள்ளையம்மா நின்றாள். வெள்ளைப் புடவையில் டிங்சர் கறை. கண்ணெல்லாம் சிவப்பு. தரையைப் பார்த்தாள். பீரோ தலையைப் பார்த்தாள்.

"சிஸ்டரக்கா, திரும்புது பாருங்க, இப்ப ஏன்னு தெரிஞ்சிபோச்சு..."

"சாவியக் குடு."

"நான் திரும்பப் பூட்டிடறேன்."

"ஒனக்குக் கை அரிச்சா ஒன் வீட்டுச் சாமானப் பிரி. அடுத்தவ வீட்டுல என்ன பிரிச்சுப் போடுத?" வெள்ளையம்மா சத்தம் போடவில்லை. "காலையிலருந்து புண்ணு தொடச்சுட்டு வாரேன். வீட்டுக்கு வந்தா அது ஒண்ணு முழுசா நிக்கும். அதப் பாத்துட்டுத்தான் படுப்பேன். அது ஒனக்குத் தெரியுமா?"

முனிலட்சுமிக்குத் தெரியாது. ஒரு வண்டி முழுசாக நிற்பதில் ஒருத்திக்கு நிம்மதி இருக்கும் என்பது அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

கூட்டைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தாள். எல்லை திறந்தது, லாரிகள் போயின, பஸ் ஓடியது. வெள்ளையம்மா பேசவில்லை. குழாயடியில் குடத்தை எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிப் போனாள். முனிலட்சுமி தன் பெட்டியைத் திறக்கவில்லை. அதற்குப் பதில் வீட்டில் மற்றதையெல்லாம் திறந்தாள். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, சின்னவளின் ஜியாமெட்ரி பாக்ஸ். கிருஷ்ணப்பன் தாங்கமாட்டாமல், "போய் அந்தம்மா கால்ல விழுந்தாவது சமாதானம் பண்ணிக்க. இல்லாட்டி என்னயே பிரிச்சுப் போட்ருவ" என்றான்.

பொங்கல் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றாள். வெள்ளையம்மா கட்டைத் தட்டையும் படப் புத்தகத்தையும் தரையில் வைத்துவிட்டு, கட்டிலில் போய் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

முனிலட்சுமி முதல் பக்கத்தைத் திருப்பினாள். அதைவிடக் கஷ்டமான வேலையை அவள் செய்ததில்லை. ஒரு பக்கத்துக்கு நாலு கட்டை. நாலுக்கு மேல் கை போகக்கூடாது. உள்ளங்காலில் இருந்து எறும்பு ஏறுகிற மாதிரி இருந்தது. இரண்டு முறை எழுந்து வாசல்வரை போய் வந்தாள். வெள்ளையம்மா கண்டுகொள்ளவில்லை. பொழுது சாயும்போது கடைசிப் பக்கமும் முடிந்தது. ஆனால் தட்டில் இரண்டு நீளக் கட்டைகள் மிச்சம். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கத்திலும் அவற்றுக்கு இடமில்லை. ஆனால் அன்றைக்குக் காரைப் பிரித்தபோது, முன்சக்கரத்துக்கு மேலே அவற்றை உருவியது அவள் கைக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"சிஸ்டரக்கா, இது ரெண்டும் புக்குல இல்லியே."

வெங்காயம் உரித்த கை நின்றது.

"முன்பக்கம் கொஞ்சம் நொடிச்சுது" என்றாள் வெள்ளையம்மா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "நானா ரெண்டு முட்டுக் குடுத்தேன்."

"புக்குல இல்லாததா? நீங்களா?"

"ஏளா, சிரிச்சேன்னு வையி, வெங்காயத்தக் கண்ணுல பிழிஞ்சுருவேன்."

ஆனால் முதலில் சிரித்தது அவள்தான்.

அதற்கப்புறம் இருவர் பெட்டியும் ஒன்றாயின. தொண்ணூற்று மூன்றில் கம்பெனிக் குடும்ப விழாவில் கைவேலைக் கண்காட்சி வைத்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கிரேன் லாரி கட்டினார்கள். எட்டுச் சக்கரம், சுழலும் மேல்பாகம், கொக்கி. மேசையில் பேர் எழுதிக்கொண்டிருந்த ஆபீஸ்காரர், "குழந்தை பேரு என்னம்மா?" என்றார்.

"முனிலட்சுமி."

"வயசு?"

"முப்பத்தி நாலு."

அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு யோசித்தார். பெரியவர்கள் பிரிவில் சமையல், கோலம், எம்பிராய்டரி மட்டும்தான் இருந்தது. குழந்தைகள் பிரிவிலேயே போட்டார். தெர்மாகோல் கோயிலுக்கு முதல் பரிசு. இவர்களுக்கு மூன்றாவது, ஒரு பென்சில் டப்பா. முனிலட்சுமிக்கு முகம் எரிந்தது. வண்டியை அப்போதே அங்கேயே பிரித்துப் போடத் தோன்றியது. கைகூடப் போய்விட்டது. அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து கிருஷ்ணப்பன் நாலு டிரைவர்களை இழுத்துக்கொண்டு வந்தான். "கவுத்துக் காட்டு லட்சுமி. உள்ள கிரவுனு இருக்குது பாருங்கடா. ஏன் இருக்குதுன்னு கேளுங்க, சொல்லுவா. எனக்கே அவதான் சொன்னா." அவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பென்சில் டப்பாவை வெள்ளையம்மா மகனுக்கு அனுப்பிவிட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில் கிருஷ்ணப்பன் அவளுக்கு நிஜ வண்டி ஓட்டவே கற்றுக்கொடுத்தான். காலி பிளாட்டில் கடன் வாங்கின ஜீப். நாலு சுற்று சுற்றிவிட்டு நிறுத்தி இறங்கினாள். "சும்மா உக்காந்துக்கினு போறதுல என்னா இருக்குது?" என்று சொல்லி பானெட்டைத் திறந்தாள்.

தொண்ணூற்றைந்தில் வெள்ளையம்மாவுக்குச் சொந்த ஊருக்கே மாற்றல் கிடைத்தது. கட்டைகளைப் பங்கு பிரிக்க உட்கார்ந்தபோது எது யாருடையது என்று இருவருக்குமே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்குப் பாதி அள்ளினார்கள். கிரவுன் கூடு யார் பக்கம் போனது என்று இருவரும் பார்த்தார்கள், இருவரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அது முனிலட்சுமியின் பக்கம் வந்திருந்தது. சாமான் லாரி கிளம்பும்போது வெள்ளையம்மா, "மூணு மாசம். ரோடு போடுத வண்டி. நீ ஒண்ணு, நான் ஒண்ணு. கெட்டி எடுத்துட்டு வா" என்றாள். அவ்வளவுதான் பிரிவு.

மூன்று மாதத்தில் முனிலட்சுமி அந்த வண்டியை எத்தனை முறை கட்டிப் பிரித்தாள் என்பதற்குக் கணக்கில்லை. கடைசியில் ஒன்று நின்றது. மண் சமன் செய்யும் தகடு இப்படியும் சாயும், அப்படியும் சாயும். கிருஷ்ணப்பன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, "இத மட்டும் தொடாத. அப்படியே எடுத்துனு போ" என்று காலி அரிசிச் சாக்குக்குள் வைக்கோல் போட்டு வைத்துக் கொடுத்தான். விடிகாலைப் பஸ்ஸில் ஏற்றியும் விட்டான்.

அந்தி சாயும் நேரத்தில் பாளையங்கோட்டையில் கதவைத் திறந்த வெள்ளையம்மாவின் கண் முதலில் மூட்டைக்குத்தான் போனது. அவள் வண்டி ஏற்கெனவே கூடத்து நடுவில், மேலே துணி போர்த்தி, தயாராக நின்றது.

"வந்துட்டியா? எங்க வண்டி? எடு, பாப்போம்."

முனிலட்சுமி மூட்டையைத் தரையில் கவிழ்த்தாள். வைக்கோலோடு சேர்ந்து கட்டைகள் சலசலவென்று கொட்டின. ஒன்றோடொன்று ஒட்டினது ஒன்றுமில்லை.

"தருமபுரி தாண்டறப்பவே ஒரு தப்பு தெரிஞ்சிபோச்சு சிஸ்டரக்கா" என்றாள். "மடியில வெச்சே கழட்டிட்டேன். கொஞ்சம் நவுருங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க."